பூண்டுப் புகை

மேல்செம்பாறையில் அரசாங்கம் முதல் மூக்கை நட்டபோது ஊர்க்காரர்கள் அதற்கு மூக்குத்தி போட்டார்கள். சோடா மூடி ஒன்றைத் தட்டித் தட்டையாக்கி, பளபளவென்று தேய்த்து ஒட்டியிருந்தார்கள். அரசாங்கம் வைத்த பெயர் காற்று உணர் நிலையம். ஆனால் உயரமான கம்பத்தின் உச்சியில், கீழ்ப்பக்கம் இரண்டு துளைகளோடு ஒரு சாம்பல் நிறப் பெட்டி உட்கார்ந்திருந்தால் அந்தப் பெயர் எப்படி நிற்கும்? மூக்கு என்றே ஆகிவிட்டது. பிறகு வளைவுக்கு ஒன்று, மேட்டுக்கு ஒன்று என்று மலை முழுக்க மூக்குகள் முளைத்தன. அதற்குள் மூக்குத்தி போடும் உற்சாகம் ஊரில் வடிந்துவிட்டது.

அந்த மூக்குகளுக்குத் தப்பிய புகை கிடையாது. எந்த வீட்டில் என்ன எரிகிறது என்று காற்றை முகர்ந்தே சொல்லிவிடும். சீகை விறகா, கற்பூர மரமா, பைன் மரமா, காய்ந்ததா, ஈரமா, கூடவே பால் கவர் ஏதாவது உள்ளே போயிற்றா என்பது வரைக்கும் அதற்குத் தெரியும். மூக்குகள் முகர்ந்ததைக் கணினி படிக்கும். கணினி படித்ததை ஒரு மனிதக் கண் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும் என்று சட்டம் சொன்னது. மேல்மலைக்கு அந்தக் கண் நித்திலாவுடையது.

நித்திலா வேதியியலில் கெட்டிக்காரி. அது அவளுக்கே தெரியும் என்பதுதான் அவளிடமிருந்த ஒரே குறை என்று மலைநகரத்து அலுவலகத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், மலைக்கெல்லாம் மூக்காக இருந்தவளுக்குச் சொந்த மூக்கு பாதி நாள் அடைத்துக்கொண்டிருக்கும். பக்கத்து மேசைக்காரர் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தால்கூட அவளுக்குத் தெரியாது. அவள் நம்பியதெல்லாம் திரையில் ஏறி இறங்கும் கோடுகளைத்தான்.

மூக்குகள் வந்தது குழந்தை மூச்சுச் சட்டத்தால். பனிக்காலத்தில் மலைப் பள்ளங்களில் குளிர்காற்று பானைக்கு மூடி போட்டமாதிரி கவிழ்ந்துகொள்ளும். கீழே எழும் புகை மேலே போக வழியில்லாமல் வீடுகளுக்குள்ளேயே சுற்றும். அதில் வளர்ந்த பிள்ளைகளின் நுரையீரல் பள்ளிக்கூடம் சேரும் முன்பே கிழடு தட்டிவிடுகிறது என்று மருத்துவர்கள் கூக்குரல் போட்ட பிறகுதான் சட்டம் வந்தது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டிலிருந்து நச்சுப் புகை தொடர்ந்து வந்தால் குழந்தையை எடுத்துக்கொண்டு போய்த் தென்றல் இல்லத்தில் வைத்து வளர்ப்பார்கள். கண்ணாடிச் சுவர்களும் வடிகட்டிய காற்றுமாக மலையடிவாரத்தில் இருந்தது அந்த இல்லம். வீட்டுக் காற்று ஒரு பனிக்காலம் முழுக்கச் சுத்தமாக இருந்தால் பிள்ளையைத் திருப்பித் தருவார்கள்.

எது நச்சு என்பதில்தான் சிக்கல். டயர், பிளாஸ்டிக், பெயின்ட் அடித்த பலகை எல்லாம் நச்சு. விறகு மட்டும் தப்பித்துக்கொண்டது. காரணம் பூண்டு. மேல்மலைப் பூண்டை விதைக்கு எடுத்து வைப்பவர்கள், தாளோடு கொத்தாகக் கட்டி அடுப்புக்கு மேலே மூங்கில் கழிகளில் தொங்கவிடுவார்கள். மாதக்கணக்கில் புகை குடித்தால்தான் அந்தப் பூண்டு அழுகாமல், பூச்சி விழாமல் அடுத்த நடவு வரை உயிரோடு இருக்கும். அடுப்பை அணைத்தால் விதை போயிற்று, விதை போனால் ஊர் போயிற்று. சட்டம் வந்த வருஷம் பூண்டுக்காரர்கள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். பல சுற்றுப் பேச்சுக்குப் பிறகு விறகுப் புகைக்கு மரபுப் புகை என்று பெயர் சூட்டி, அதைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். நுரையீரலுக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது என்பது நித்திலாவுக்குத் தெரியும். ஆனால் கோடு கிழிப்பது அவள் வேலை இல்லை.

அந்த மார்கழியில் மேல்செம்பாறை பொன்ராசு வீட்டுப் புகையில் கந்தகம் ஏறியது. ஒருநாள் இரண்டுநாள் அல்ல, விடாமல் வந்தது. கணினி டயர் என்றது. அந்த வீட்டில் நாலு வயதுப் பெண் குழந்தை இருந்தது. பிள்ளையை எடுப்பதற்கு முன் ஓர் அதிகாரி நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. நித்திலா ஜீப்பில் ஏறினாள்.

பொன்ராசு வாசலிலேயே நின்றிருந்தான். பனி உறைந்து கிடந்த மண்ணில் வெறுங்காலோடு, ஒரு காலை மாற்றி ஒரு காலாக ஊன்றிக்கொண்டிருந்தான். அவள் பார்ப்பதைக் கவனித்து, செருப்பை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டதாகக் கூச்சத்தோடு சொன்னான். உள்ளே அடுப்படியில் அவன் மனைவி செவ்வந்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை குயிலி. அம்மாவின் முந்தானையைச் சுருட்டி மூக்கில் வைத்துக்கொண்டு அரைத் தூக்கத்தில் கிடந்தது. அதன் மூச்சு எண்ணெய் காணாத கதவுக் கீல் மாதிரி கீச்சிட்டது. அந்த முந்தானையை வைத்துக்கொள்ளாவிட்டால் இவளுக்குத் தூக்கமே வராது என்று பொன்ராசு சிரித்துக்கொண்டே சொன்னான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது, வந்தவள் எதற்கு வந்திருக்கிறாள் என்பது ஞாபகம் வந்துவிட்டது போலும்.

டயரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்று குலசாமியைச் சாட்சிக்கு இழுத்தான். பிறகு அவனுக்கே ஒரு சந்தேகம்.

"வெறகு வேற டயரு வேறன்னு அந்தப் பொட்டிக்கு எப்பிடிங்க மேடம் தெரியும்? ரெண்டும் கறுப்பாத்தான போகுது?"

"கண்ணுக்குத்தாங்க ரெண்டும் கறுப்பு. மரத்துல இருக்கிற நார் எரிஞ்சா ஒரு மாதிரி சர்க்கரையா உடைஞ்சு புகையோட போகும். அது வந்துச்சுன்னா மரம் எரியுதுன்னு அர்த்தம். நாரையெல்லாம் சேத்துப் பிடிச்சு வைக்கிற பசை ஒண்ணு மரத்துக்குள்ள இருக்கு. அது எரியறதுதான் நமக்கு விறகு வாசனை. ஒவ்வொரு மரத்துக்கும் அது வேற வேற மாதிரி."

"அப்ப டயருக்கு?"

"ரப்பரை இறுக்கறதுக்குக் கந்தகம் போடுறாங்க. உங்க புகையில அந்தக் கந்தகம் இருக்கு."

"கந்தகத்துக்கு நான் எங்கிட்டுப் போவேன்? வேட்டா செய்யிறேன் வீட்ல?"

நித்திலாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அப்போதுதான் செவ்வந்தி வாயைத் திறந்தாள். குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

"அங்க, அந்த இல்லத்துல, பிள்ளைகளுக்கு மூச்சு நல்லா வருமா மேடம்?"

பாவம், இப்போதே மனசைத் தேற்றிக்கொள்கிறாள் என்று நித்திலா நினைத்தாள். அங்கே போக வேண்டிய அவசியமே வராமல் பார்க்கலாம் என்று ஆறுதல் சொன்னாள். செவ்வந்தி குழந்தையைக் கீழே கிடத்தினாள். எழுந்து அடுப்படியைக் கூட்டினாள். மேலே கொத்துக் கொத்தாகத் தொங்கிய பூண்டிலிருந்து உதிர்ந்த தோலெல்லாம் தரையில் வெள்ளையாகக் கிடந்தது. அதை அள்ளி வழக்கம்போல அடுப்புக்குள் போட்டாள். தோல் படபடவென்று பற்றி எரிந்தது.

நித்திலா அண்ணாந்து பார்த்தாள். பூண்டின் காரமே கந்தகம்தான். அதைப் படித்தவளுக்கு இத்தனை நேரம் அது தோன்றாமல் போனதே என்று தன்மேலேயே கோபம் வந்தது. கணினிக்குப் புகையை முகரக் கற்றுக்கொடுத்தவர்கள் எல்லாம் சமவெளிக்காரர்கள். அவர்கள் வீட்டில் பூண்டு அடுப்புக்கு மேலே தொங்காது, டப்பாவில் இருக்கும். விறகோடு கந்தகம் சேர்ந்து வந்தால் டயர் என்று முடிவு கட்டு என எழுதி வைத்துவிட்டார்கள். கையைப் பிடித்துக் குலுக்காத குறையாகப் பொன்ராசுவிடம் அவள் இதைச் சொன்னபோது அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பிள்ளை வீட்டிலேயே இருக்கும் என்பது மட்டும் புரிந்தது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். செவ்வந்தி அடுப்பைப் பார்த்தபடியே இருந்தாள்.

மறுநாள் நித்திலா ஆய்வுக்கூடத்தில் ஓர் அடுப்பு மூட்டினாள். சீகை விறகை எரித்து, மேலே பூண்டைக் கட்டி, தோலை அள்ளி அள்ளிப் போட்டாள். கட்டடமே ஊறுகாய் ஜாடி மாதிரி நாறியது. அவள் ஒருத்திக்கு மட்டும் மூக்கு அடைத்திருந்ததால் சுகமாக வேலை பார்த்தாள். திரையில் கந்தகம் ஏறியது. டயரே இல்லாமல் ஏறியது. அவள் சொன்னது சரி.

ஒரு சின்ன இடறல் இருந்தது. பொன்ராசு வீட்டுப் புகையில் கந்தகத்துக்குப் பக்கத்தில் துத்தநாகமும் கொஞ்சம் தலைகாட்டியது. ஆய்வுக்கூடப் புகையில் அது இல்லை. டயரில் கந்தகத்தோடு துத்தநாகமும் கலப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. யோசித்தாள். அந்த வீட்டுக்குத் தகரக் கூரை, தகரத்துக்குத் துத்தநாகப் பூச்சு, அதிலிருந்து வந்திருக்கும் என்று ஒரு காரணம் கண்டுபிடித்தாள். அடுப்புப் புகையின் சூட்டுக்கெல்லாம் கூரைப் பூச்சு அசையாது என்று முதலாண்டு மாணவனைக் கேட்டாலே சொல்வான். ஆனால் அழகான விடை ஒன்று கைக்குக் கிடைத்த பிறகு, அதைக் கெடுக்க வரும் குட்டி எண்ணை யாருக்குப் பிடிக்கும்? நித்திலாவுக்கும் பிடிக்கவில்லை.

விசாரணையில் இயக்குநர் அருள்பிரகாசம் அவள் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டார். ஏழை வீட்டின் மீது இயந்திரம் போட்ட பழியை ஒரு பெண் அதிகாரி துடைத்தார் என்று செய்தி வந்தது. பொன்ராசு வீட்டு வழக்கு தள்ளுபடியானது. அதோடு நிற்கவில்லை. பூண்டு தொங்கும் எந்த வீட்டிலும் கந்தகத்தைக் கண்டுகொள்ளாதே என்று மலை முழுவதற்குமாகக் கணினியைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தை எழுதியதும் நித்திலாதான்.

தை பிறந்து மேல்செம்பாறை அவளை அழைத்தது. ஊர் மந்தையில் நாற்காலி போட்டு மாலை போட்டார்கள். மூக்குக் கம்பத்துக்கும் யாரோ ஒரு மாலையைச் சாத்தியிருந்தார்கள். பொன்ராசு புதுச் செருப்பு சரசரக்க ஓடி ஓடிப் பந்தி பரிமாறினான். புறப்படும்போது அவளுக்கென்று ஒரு சாக்குப் பூண்டு கொடுத்தார்கள். அதை ஜீப் வரைக்கும் தூக்கி வந்தவள் செவ்வந்தி. குழந்தை பின்னால் வந்துகொண்டிருந்தது. சரிவில் நாலடி ஏறியதும் நின்று, இரண்டு முழங்காலிலும் கையை ஊன்றி மூச்சு வாங்கியது. நாலு வயதுப் பிள்ளை கிழவர்கள் மாதிரி நின்றது.

செவ்வந்தி சாக்கை வண்டிக்குள் தள்ளிவிட்டு அங்கேயே நின்றாள்.

"நீங்க நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சீக. எனக்குத்தான் அது வேற மாதிரிப் போச்சு."

என்ன சொல்கிறாள் என்று நித்திலாவுக்குப் பிடிபடவில்லை.

"செருப்ப நாய் தூக்கலே மேடம். நாந்தான் எடுத்தேன். டயர் செருப்பு அது, சேத்துல வழுக்காதுன்னு இங்க எல்லாரும் போடுறதுதான். அருவாமனையில துண்டு துண்டா நறுக்கி வச்சுக்கிட்டு, இவுக காட்டுக்குப் போனதும் ஒண்ணு ஒண்ணா வெறகுக்கு நடுவுல சொருகுனேன். அந்நேரம் பிள்ளைய மாட்டுக் கொட்டத்துல விளையாட விட்டுருவேன்."

நித்திலாவின் கண்முன் துத்தநாகக் கோடு நிமிர்ந்து நின்றது. ஏன் என்று கேட்டாள்.

"நீங்கதான் சொன்னீக."

ஐப்பசி மழையில் போர்வைக்குள் பிள்ளையைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தது நித்திலாவுக்கு மங்கலாக ஞாபகம் வந்தது. அன்றைக்கு முன்மேசையில் ஆள் இல்லாததால் அவள்தான் எழுந்து போய்ப் பேசினாள். தென்றல் இல்லத்தில் பிள்ளையைச் சேர்க்க முடியுமா என்று அந்தப் பெண் கேட்டாள். வெறும் விறகுப் புகைக்கு அங்கே இடம் கிடையாது, டயர் மாதிரி நச்சு எரிகிற வீட்டுப் பிள்ளைகளைத்தான் எடுப்பார்கள் என்று நித்திலா பொறுமையாக விளக்கினாள். உங்கள் வீட்டில் அப்படி எதுவும் இல்லையே, அதனால் பயப்படாமல் போய் வாருங்கள் என்று வேறு சொல்லியனுப்பினாள். அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் இப்போது தாங்க முடியாமல் இருந்தது.

செவ்வந்தி குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். ஆஸ்பத்திரியில் ஊதுகிற மருந்து கொடுத்துவிட்டு, பிள்ளையைப் புகையிலிருந்து தள்ளி வைக்கச் சொன்னார்களாம். எங்கே தள்ளி வைப்பது? அவள் பிறந்த வீட்டிலும் அடுப்பு, பக்கத்து வீட்டிலும் அடுப்பு, எல்லா அடுப்புக்கும் மேலே பூண்டு. புருஷனிடம் சொன்னால், தானும் சின்ன வயதில் இப்படித்தான் இழுத்தேன், வளர வளரச் சரியாகிவிடும் என்கிறான். அவன் விறகுக் கட்டோடு மேடேறும்போது நடுவில் நின்று நின்று வருவதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். அவன்மேல் அவளுக்கு வருத்தம் இல்லை. விதை போனால் அவனும்தான் என்ன செய்வான்?

"சரி, இன்னும் ரெண்டு துண்டு கெடக்கு, மறுபடியும் போட்டுப் பாக்கலாம்னு நெனச்சேன். அப்புறம்தான் உங்க டிரைவரு சொன்னாரு, மிசினையே மாத்திட்டீகளாம். இனிமே நான் எத எரிச்சாலும் உங்க மூக்கு பூண்டுன்னுதான் சொல்லுமாம்ல."

நித்திலாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூச்சு வாங்கி முடித்த குழந்தை அருகே வந்து அம்மாவின் முந்தானையை இழுத்து மூக்கில் வைத்துக்கொண்டது.

"அக்கா," என்றாள் செவ்வந்தி. மேடம் அக்காவாகிவிட்டது. "மாத்தி எழுதிக் குடுங்க. டயருதான்னு எழுதுங்க. ஆனா எதுக்குப் போட்டேங்கிறத மட்டும் சொல்லிறாதீக. தெரிஞ்சா பிள்ளைய எடுக்க மாட்டாகளாம்ல."

அதுவும் உண்மைதான். இடம் கிடைப்பதற்காக வேண்டுமென்றே நச்சு எரித்தால் அந்த வீட்டுப் பிள்ளையைச் சேர்க்கக் கூடாது என்று சட்டத்தில் ஒரு வரி இருந்தது. தெரியாமலோ அலட்சியத்தாலோ எரித்த தாயாக இருந்தால் மட்டும் பிள்ளைக்கு இடம் உண்டு. அப்படிப்பட்ட தாய் என்று ஊர் முழுக்க அறிவிப்பார்கள், மாதம் ஒருமுறைதான் பிள்ளையைப் பார்க்க விடுவார்கள். இதையெல்லாம் நித்திலா எடுத்துச் சொன்னாள். முன்பே எல்லாம் விசாரித்துத் தெரிந்துகொண்டவள்தானே, செவ்வந்தி தலையை மட்டும் ஆட்டினாள்.

மலையிறங்கும் வழியெல்லாம் நித்திலா தன்னோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தாள். எழுதினால் ஊர் போட்ட மாலைக்கு அர்த்தமில்லை. அவள் கெட்டிக்காரத்தனத்தை நம்பி மாற்றிய கணினியை மறுபடி மாற்ற வேண்டும், இத்தனை நாள் கைகட்டிக் கேட்டவர்கள் கைதட்டிச் சிரிப்பார்கள். அதைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். ஒரு தாயை, பெற்ற பிள்ளைக்கு விஷப்புகை காட்டியவள் என்று தன் கையெழுத்தில் எழுத வேண்டுமே, அதுதான் கசந்தது. எழுதாமல் விட்டாலோ, அந்தக் கீல் சத்தம் வருஷத்துக்கு வருஷம் கூடும். புகைக்கு எது எரிந்தது என்று சொல்லத் தெரியும், ஏன் எரிந்தது என்று சொல்லத் தெரியாது. அவளும் இந்த ஒருமுறை புகையைப் போலவே இருந்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

துத்தநாகத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டதாக அவள் சொன்னபோது அருள்பிரகாசம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இத்தனை வருஷத்தில் அவள் எதையும் கவனிக்காமல் விட்டதை அவர் பார்த்ததில்லை.

"அந்த வீட்டுக்காரங்க யாராவது உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல சார். துத்தநாகம்தான் சொல்லுச்சு."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பூண்டு வீடுகளில் கந்தகத்தோடு துத்தநாகமும் சேர்ந்து வந்தால் டயர் என்று கணினியைத் திருத்தச் சொன்னார். நித்திலா திருத்தினாள். நினைத்ததைப் போலவே சிரித்தார்கள். பக்கத்து மேசைக்காரர் மட்டும் சிரிக்காமல், ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

குயிலியை எடுக்க வண்டி போன அன்று செவ்வந்தியை ஊர் வாய்க்கு வந்தபடி ஏசியது. குழந்தை வீறிட்டு அழுதது, அழ அழ இழுப்பு அதிகமானது. செவ்வந்தி முந்தானையின் ஒரு முனையைக் கிழித்து அதன் கையில் கொடுத்தனுப்பினாள். இல்லத்து வாசலிலேயே அதை வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டார்கள், உள்ளே புகை படிந்த எதற்கும் அனுமதி இல்லை.

ஒரு மாதம் கழித்து முதல் சந்திப்புக்கு நித்திலாவே அவளை ஜீப்பில் அழைத்துப் போனாள். அதிகாரி இப்படிச் செய்வது வழக்கமில்லை. வழியில் பொன்ராசு எப்படி இருக்கிறான் என்று விசாரித்தாள்.

"கொஞ்ச நாளு மொகம் குடுத்துப் பேசலே. ஒருநா பூண்டுப் பாத்திக்குச் சாம்பல் அள்ளுனாக. அதுல செருப்பு ஆணி கெடந்துருக்கு. கையில வச்சுப் பாத்துக்கிட்டே நின்னாக. ஒண்ணும் கேக்கலே. மறுநா கடப்பாரைய எடுத்துக்கிட்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் போயிட்டாக."

"எதுக்கு?"

"பூண்டுக்குத் தனிக் கொட்டகை போடுறாக. புகை அங்கிட்டே இருந்துக்கிடும், வீட்டுக்கு வராதுங்கிறாக. வீட்ல இனிமே கரண்டு அடுப்புத்தானாம். பனியில வெரச்சுத்தான் கெடப்போம், கெடந்தாக் கெடக்கட்டும்."

அந்த ஒரு மாதத்தில் திரையில் பார்த்ததை நித்திலா அவளிடம் சொல்லவில்லை. மேல்மலையில் புதிதாக ஐந்தாறு வீடுகளின் புகையில் கந்தகமும் துத்தநாகமும் கைகோத்து வந்திருந்தன, சில பிள்ளைகளை இல்லத்துக்கு எடுத்தும் விட்டிருந்தார்கள். இயக்குநர், இந்த மலைக்காரர்களுக்குத் திடீரென்று டயர் எரிக்கும் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று அலுத்துக்கொண்டார். நித்திலா அந்த வீடுகளின் விவரத்தைத் திறந்து பார்த்தாள். ஒவ்வொன்றிலும் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தது. பிள்ளைகள் இல்லாத வீடுகளில் வெறும் விறகும் பூண்டும்தான். செவ்வந்தி யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள். சொல்லத் தேவையும் இல்லை, ஏச வந்த பெண்களில் யாரோ ஒருத்தி வண்டியில் ஏறிய குழந்தையைப் பார்த்துக்கொண்டே நின்றிருப்பாள்.

நித்திலா அன்றைக்கே நேரே இயக்குநர் அறைக்குப் போய்க் கோட்டை மாற்ற வேண்டும் என்றாள். எந்தக் கோட்டை என்று அவர் கேட்டார். விறகுப் புகையை வெளியே நிறுத்துகிற கோட்டை என்றாள். விறகின் புகையிலும் நுரையீரலின் அடிவரைக்கும் போகும் பொடித் தூசி இருக்கிறது, புற்றுக்கு வித்திடும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது, நாம் அதற்கு நல்ல பெயர் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான் சார் என்றாள். ஒவ்வொரு பூண்டுக்காரருக்கும் வீட்டைவிட்டுத் தள்ளி ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்தால் விதையும் பிழைக்கும், பிள்ளையும் பிழைக்கும் என்றாள். பொன்ராசு அதையேதான் செய்யப்போகிறான் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. அவர், எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்பிப் பார்க்கிறேன் என்றார். எழுதிக் கொடுத்தாள். மேலே போனது எப்போது கீழே வரும் என்று அவருக்கும் தெரியாது.

ஜீப் போய்ச் சேர்ந்ததும், தென்றல் இல்லத்தில் செவ்வந்தியை முதலில் குளிக்க அனுப்பினார்கள். வாசனையே இல்லாத ஒரு சோப்பால் தலைமுடி, நகக்கண் எல்லாம் தேய்த்துக் கழுவ வேண்டும். சேலையை ஒரு பெட்டிக்குள் பூட்டிவிட்டு, இல்லத்தின் வெள்ளை அங்கியைக் கொடுத்தார்கள். பிறந்ததிலிருந்து புகையிலேயே வாழ்ந்தவள் அவ்வளவு வெள்ளையில் யாரோ மாதிரி இருந்தாள். கூடத்தில் அதே அங்கியில், ஈரத்தலையோடு இன்னும் சில பெண்கள் காத்திருந்தார்கள். எல்லோரும் மேல்மலைக்காரர்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

கதவு திறந்து குயிலி ஓடி வந்தாள். கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை நடுவில் எங்கும் நிற்காமல் ஓடி வந்தாள். நித்திலா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் மடியில் விழுந்து அங்கியை இழுத்துச் சுருட்டி மூக்கில் வைத்துக்கொண்ட குழந்தை, உடனே அதை விட்டுவிட்டது. செவ்வந்தியின் கழுத்தை முகர்ந்தது. கையை முகர்ந்தது. ஈர முடியை இழுத்து முகர்ந்தது. பிறகு ஓரடி பின்னால் நகர்ந்து நின்றது.

"அம்மா வாசமே வரல," என்றாள் குயிலி. உதடு பிதுங்கியது.

செவ்வந்தி அவளை இழுத்து அணைத்து, அந்தச் சின்ன நெஞ்சில் காதை வைத்தாள். குழந்தை திமிறியது. அவள் விடவில்லை, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டேயிருந்தாள்.

"வராட்டிப் போகுது, தாயி," என்றாள்.